வாளை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்

ஜப்பானிய மொழி வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: "ஜப்பானின் வரலாற்றுக்குள் எந்த வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள்?" பாதிப் பேருக்கு மேல் "சாமுராய், சார்" என்பார்கள். சிலர் அனிமே பார்த்து வந்தவர்கள். மற்றவர்களை அனுப்பியது அப்பா. ஏதோ சுயமுன்னேற்றப் புத்தகத்தில் ஜப்பானிய ஒழுக்கம் பற்றிப் படித்தவர், அது மகனுக்கும் ஒட்டட்டும் என்று பணம் கட்டியிருப்பார். ஆறு மாதத்தில் இந்த இரண்டு கூட்டமும் கரைந்துவிடும். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வாசல்கள் நான்கு. முதலாவது, ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது. நாரா, கியோட்டோ எல்லோரும் அறிந்தவை, விளக்க வேண்டாம். காலில் வலுவும், தூணைக் கண்டால் அண்ணாந்து நிற்கும் குணமும் உள்ளவர்களுக்கு இது சரி.

இரண்டாவது, உக்கியோ-எ என்னும் மரக்கட்டை அச்சோவியம். விமானச் சீட்டுக்குக் காசில்லாதவர்களுக்கு இதுவே உத்தமம். நல்ல பிரதி ஒன்றும் பூதக்கண்ணாடி ஒன்றும் போதும். ஓவியர் ஹொகுசாயின் பேரலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1831 வாக்கில் வந்த படம். அகலம் 37 சென்டிமீட்டர்தான். வரைந்தவர் ஒருவர், செரி மரப் பலகையில் செதுக்கியவர் இன்னொருவர், வண்ணம் தடவி அச்சடித்தவர் வேறொருவர், முதல் போட்டவர் பதிப்பாளர். அந்த ஆழ்ந்த நீலமோ ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்ய நீலம். வெளிநாட்டாருக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவைத்திருந்த நாட்டுக்குள் சாயம் மட்டும் எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒரு பருவத்துக்கான பாடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, தேநீர்க் கலை. இதற்கு குரு வேண்டும், வருஷங்கள் வேண்டும், மடக்கி உட்கார முழங்கால் வேண்டும்.

நான்காவதுதான் சாமுராய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

1603 முதல் 1868 வரை நீண்ட எடோ காலம் பெரும்பாலும் போரில்லாத காலம். அப்போதைய சாமுராய்களில் மிகப் பலர் பிரபுவிடம் அரிசியைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு கணக்கும் கோப்பும் பார்த்தவர்கள். இடுப்பில் வாள், வேலை கணக்குப்பிள்ளை வேலை. 1876-இல் அந்த வாளையும் பொது இடத்தில் அணியக் கூடாது என்று சட்டம் வந்தது. சாமுராய் நெறி என்று அப்பாக்கள் வேதம்போல நம்பும் 'புஷிதோ' நூலை நிதோபே இனாசோ எழுதியது ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசகர்களுக்காக. வெளிவந்த ஆண்டு 1900. சாமுராய் வகுப்பே ஒழிந்த பிறகு!

கோட்டைகளுக்கு வருவோம். பழைய நடுக்கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் நாடு முழுக்கப் பன்னிரண்டுதான். ஒசாகாவின் கோபுரம் 1931-இல் எழுந்த கான்கிரீட், நகோயாவினுடையது 1959. முதல் பயணத்தில் விசாரிக்காமல் இப்படியொரு கோட்டைக்குப் போய், லிஃப்டில் ஏறி, அட்டைத் தலைக்கவசம் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு அரை நாளைத் தொலைத்தவன் நான்.

"இசே ஆலயத்தையும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகத்தானே சார் கட்டுகிறார்கள்?" என்று ஒரு மாணவி மடக்கினாள். நல்ல கேள்வி. அங்கே அதே வகை மரம், அதே அளவு, அதே தச்சு முறை. 2013-இல் இளைஞனாக உளி பிடித்தவர் 2033-இல் அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுப்பார். கான்கிரீட் கோபுரத்தில் அந்தத் தொடர்ச்சி எங்கே?

சாமுராய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஹிமேஜிக்குப் போங்கள். 1609-இல் எழுந்த கோபுரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏறுங்கள். வெள்ளைச் சுவர்களில் வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள் இருக்கும். துப்பாக்கிக்கும் அம்புக்குமான கண்கள். பிறகு ஏதாவது ஒரு தேநீர் அறைக்கு வாருங்கள். தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் பாணியில் அதன் வாசல் இரண்டடிச் சதுரம்தான். எவ்வளவு பெரிய வீரனானாலும் வாளை வெளியே மாட்டிவிட்டுக் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். சாமுராயைப் பற்றி அந்த வாசல் சொல்வதை எந்த அனிமேவும் எனக்குச் சொன்னதில்லை.

நான் நடுநிலையாளன் அல்ல, நாரா கட்சி. தோதாய்-ஜி கோயிலின் தெற்கு வாயிலில் எட்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள இரண்டு மரக் காவலர்கள் நிற்கிறார்கள். உன்கெய், காய்கெய் தலைமையில் சிற்பிகள் 1203-இல் 69 நாளில் முடித்த வேலை. எண்ணற்ற மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது. ஆனாலும் புடைத்த நரம்பில் ஒட்டுத் தெரியாது. ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். கூட்டம் மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பெரிய புத்தரைப் பார்க்க ஓடும். 752-இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி என்பதையும் கேளாமல் திரும்பும். நான் வாயிலைத் தாண்டவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

எல்லோருக்கும் மரம் பிடிக்க வேண்டியதில்லை. கை ஓடுகிறவனுக்குத் தேநீர், கண் ஓடுகிறவனுக்கு அச்சோவியம், கால் ஓடுகிறவனுக்குக் கோயில். அடுத்தவன் போகிறான் என்று போனால் எதுவும் ஓடாது. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம், தினம் பத்து நிமிடம் பாருங்கள். அதன் பிறகும் பார்க்கத் தோன்றினால் அதுதான் உங்கள் வாசல். தோன்றாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.