எடை குறைந்த பின்பும் இராணுவத்தில் இடமில்லையா?

அமெரிக்க இளையர் ஒருவர் அந்நாட்டு இராணுவத்தில் சேர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திற்கு மீறிய எடை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார். உடல் இளைக்கிறது. ஓட்டத்திலும் தண்டாலிலும் தேறும் அளவுக்கு உடற்பயிற்சியும் செய்கிறார். மீண்டும் விண்ணப்பித்தால் அதே பதில்: தகுதி இல்லை. முன்பு தடையாக இருந்தது எடை. இப்போது தடையாக இருப்பது அந்த அறுவை சிகிச்சை.

அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் மருத்துவ விதிகளில், எந்த வகை எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் தகுதியிழப்புக்குக் காரணமாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். இது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வகைச் சிகிச்சைகளில் இரண்டு மிகப் பரவலானவை. ஒன்றில் இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு வெட்டி அகற்றப்படுகிறது. மற்றொன்றில், சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்றை இரைப்பையின் மேற்பகுதியில் அமைத்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு உணவு போவதே இல்லை.

வைட்டமின் பி12 கதை இன்னும் சுவையானது. இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பற்றிக்கொண்டால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். இரைப்பை சுருங்கினால் அந்தப் புரதமும் குறையும். ஆனால் பாதிப்பு உடனே தெரியாது. நம் உடலில், பெரும்பாலும் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் பி12 சேமிப்பில் உள்ளது. ஒரு நாள் தேவையோ 2.4 மைக்ரோகிராம்தான். 2 மில்லிகிராம் என்பது 2,000 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்கள்: 800 நாள்களுக்கு மேல் வரும்! அதாவது, தேர்வு நாளில் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குச் சில ஆண்டுகள் கழித்து இரத்தச்சோகையோ நரம்புத் தளர்ச்சியோ வரலாம். வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரை எடுத்தால் இதைத் தடுக்கலாம். போர்முனையில் மாத்திரை தவறாமல் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் ஏது?

களத்தில் அமெரிக்க வீரருக்குத் தரப்படும் உணவுப் பொட்டலம் ஒன்றில் ஏறக்குறைய 1,250 கலோரி இருக்கும். நாளுக்கு மூன்று பொட்டலம். சிறிய இரைப்பையால் அவ்வளவையும் அவசரமாக உண்ண முடியாது. வெயிலில் மடமடவென்று தண்ணீர் குடிப்பதும் கடினம். இனிப்பு வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கினால் வியர்வை, படபடப்பு, மயக்கம்.

விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தந்தப் படை ஆராய்ந்து முடிவு செய்யும், ஆனால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பல ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனையில் குறையே இல்லாதவரையும் இந்த வரிசையில் நிற்க வைப்பது கடுமைதான்.

சிகிச்சையை மறைத்துச் சேர்வது அங்கே குற்றம், உடலுக்கும் ஆபத்து. மூட்டுவலி, தசைவலி என்றால் அமெரிக்க வீரர்கள் கேட்பது இபுபுரோஃபென் மாத்திரை. ‘ரேஞ்சர் மிட்டாய்’ என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்த இடத்தில் அது புண்ணை உண்டாக்கலாம் என்பதால், அச்சிகிச்சை பெற்றவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். உண்மை தெரியாத படை மருத்துவர் அதையேதான் எடுத்துக் கொடுப்பார்.