குடும்பத் தியான முகாம் நடத்தும் முறை

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துச் சபைகளில் குடும்பங்களுக்கென்று தியான முகாம் நடத்த விரும்பும் சேகரக் கமிட்டியார், தேதியைக் குறிக்குமுன் பிரசங்கியாரைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆடி பிறந்தது முதல் தீபாவளி வரையில் பட்டாசுத் தொழிலாளருக்கு ஓய்வில்லை. அவர்கள் ஓய்ந்திருக்கும் நாட்களில் காலண்டரும் டைரியும் அச்சிடுவோர் மார்கழி முடியுமட்டும் இராப்பகலாக உழைக்கிறார்கள். மார்ச்சு வந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆகவே பொங்கல் கழிந்து வரும் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரக் கடைசியே உத்தமம். வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும் வீடுகள் பலவாதலால், அன்று மாலை தொடங்கி ஞாயிறு மாலை முடிப்பதே முறை.

ஸ்தலத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வீடுகட்டிக் குடியேறிய கோடைக்கானல், கோடை முழுதும் தங்குவோருக்குத் தகுந்ததேயன்றி, ஓரிரவுக்காக மலையேறி, வளைவுகளில் குழந்தைகள் வாந்தியெடுத்துத் துவள, களைப்போடு ஜெபத்துக்கு உட்காருவோருக்கு ஏற்றதன்று. 1854-இல் வட திருநெல்வேலி ஊழியத்தைத் தொடங்கி, 1858-இல் சிவகாசியிலேயே உயிர்நீத்த ராக்லாந்து ஐயர், இந்தக் கரிசல் பூமியில் கூடாரங்களில் தங்கித்தான் ஜெபித்தார். சாட்சியாபுரம் போன்ற பழைய மிஷன் வளாகமோ, விடுமுறையில் வெறுமையாயிருக்கும் பள்ளிக்கூடமோ, வேப்பமர நிழலும் தண்ணீர் வசதியும் இருந்தால் போதுமானது.

இனி, பெரும்பாலான முகாம்கள் இடறி விழும் விஷயத்துக்கு வருகிறேன்: அதுதான் அடுப்பங்கரை. குடும்ப முகாம் என்று பெயர் வைத்துவிட்டு, விடியற்காலை முதல் பெண்களைக் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் விட்டு, ஆடவர் மாத்திரம் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். மார்த்தாளைக் குறித்துப் பிரசங்கம் நடக்கும்போதே மார்த்தாள்கள் பலர் பின்கட்டில் புகைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. அசன விழாவன்று பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, சாம்பார் கிண்டி, நூற்றுக்கணக்கானோருக்குப் பந்தி பரிமாறுகிற நம் சபை ஆடவருக்கு, இருபது முப்பது குடும்பங்களுக்கு மூன்று வேளை ஆகாரம் சமைப்பது ஒரு பாரமேயன்று. சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, அவருக்குக் கையாளாக ஆண்கள் ஐக்கிய சங்கத்தாரை முறைவைத்து நிறுத்துங்கள். சனியிரவு உப்புமா, ஞாயிறு காலை இட்லி, மத்தியானம் சாம்பார்சாதமும் ஒரு பொரியலும்; இதற்குமேல் வேண்டாம். பிரியாணி வேண்டுமென்று பிடிவாதம் செய்வோர் அதைப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளட்டும். 'நானும் ஒரு கை பிடிக்கிறேன்' என்று பரிவோடு எழுந்துவரும் தாய்மாரை வாசலிலேயே தடுத்துத் திருப்பியனுப்ப உறுதியான ஒருவரை நிறுத்த வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால் அரைமணி நேரத்துக்குள் அடுப்பங்கரை பழையபடி பெண்கள் வசமாகிவிடும்.

அடுப்பிலிருந்து விடுவித்த தாயைப் பிள்ளைகளிடமிருந்தும் சற்று விடுவிக்க வேண்டும். குழந்தைகளின் பாட்டும் கதையும் நடக்கும் அறை, அழுகைக்குரல் தியான மண்டபத்தில் கேளாத தூரத்தில் இருக்கட்டும். குரல் கேட்டால் எந்தத் தாயும் உட்கார்ந்திருக்கமாட்டாள். ஞாயிறு பள்ளி ஆசிரியரோடு பொறுமையுள்ள பாட்டிமார் இருவரும் அங்கே இருப்பது அவசியம்.

கைபேசிகளை முதல் நாளே ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடலாம். பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டியும் கைபேசியும் கொண்டுபோகலாகாது என்ற கட்டுப்பாட்டில் பழகியவர்கள் முணுமுணுப்பதில்லை. முணுமுணுப்பவர்கள் பெரும்பாலும் கமிட்டி அங்கத்தினரே.

பிரசங்கம் இரண்டு, ஒவ்வொன்றும் அரைமணி. ஞாயிறு காலை ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் மௌனம். அதன்பின் தம்பதிகள் தனித்தனியே மர நிழலில் அமர்ந்து, கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒத்திவைத்துவிட்டுத் தங்களைப் பற்றி மாத்திரம் சம்பாஷித்துக்கொள்ள ஒரு மணி நேரம். அங்கே பேசியதை மேடையில் சாட்சியாகச் சொல்லும்படி யாரையும் கேட்கவே கூடாது. ஆனால் தம்பதிகளை மாத்திரம் நினைத்து இந்தப் பகுதியை வகுப்பது நம் பிராந்தியத்தில் கொடுமையாகிவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தைப் போன்றவற்றாலும், செய்தித்தாளில் இரண்டே வரியில் முடிந்துபோன சிறு விபத்துகளாலும் கணவனையோ மனைவியையோ இழந்த வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குரிய வேளையை முன்கூட்டியே நியமித்து, வளர்ந்த பிள்ளையோடோ, உடன்பிறந்தவரோடோ, விரும்பினால் ஐயரம்மாவோடோ அமரச் செய்யுங்கள். பெயர்ப்பட்டியல் எழுதும்போதே இது தீர்மானமாகிவிட வேண்டும். அந்த நேரத்தில் கூட்டத்தின் நடுவே 'நீங்கள் யாரோடு?' என்று ஒருவர் கேட்க நேர்வது போன்ற மனவருத்தம் வேறில்லை.

திருவிருந்தோடு முடித்து, மாலை நாலு மணிக்குள் அனைவரையும் அனுப்பிவிடுங்கள். துணி துவைக்கவும், திங்களன்று விடிந்ததும் வந்து நிற்கும் ஆலை வண்டிக்குச் சோற்றுப்பாத்திரத்தை ஆயத்தப்படுத்தவும் அவர்களுக்கு அந்தப் பொழுது வேண்டும்.