கேக் வெட்டினால் ஒட்டுதல் வருமா?

கேள்வி: திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். பிறந்தநாளுக்கு கேக், மாதந்தோறும் விருது எல்லாம் உண்டு. ஆனாலும் ஊழியர்களுக்கு ஒட்டுதல் வரவில்லையே?

பதில்: தம்பானூர் பஸ் நிலையம் அருகே, லாரி பேக்கர் வடிவமைத்த சுழல் கட்டடத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸுக்கு ஒருநாள் போய்வாருங்கள். விசிறித் தலைப்பாகையோடு காபி கொண்டுவருகிறாரே, அவர் சம்பளக்காரர் மட்டுமல்ல. அதை நடத்தும் கூட்டுறவுச் சங்கமே அவரைப் போன்ற தொழிலாளர்களுடையது. 1950-களில் காபி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, 'நீங்களே நடத்துங்கள்' என்று அவர்களைச் சங்கமாகச் சேர்த்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1958-இல் திருச்சூரில், கேரளத்தில் அவர்களுடைய முதல் கடை பிறந்தது. இந்தச் சங்கத்தில் கீழ்நிலை வேலையில் சேர்ந்தவர் படிப்படியாக மேலாளராகவும் வர முடியும். (காபி உடனே வந்துவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்!)

கம்பெனியை எழுதிக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் கேக் இருக்கிறது, விருது இருக்கிறது. ஊழியர் எதையாவது தீர்மானித்ததாக ஒரு வரிகூட இல்லை. எந்த வேலையை ஏற்பது, எத்தனை நாளில் முடிப்பது என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்கும் முன், செய்யப்போகிறவரைக் கேட்கிறீர்களா? லாபநஷ்டம் அவர்களுக்குத் தெரியுமா? அடுத்த மேலாளரை வெளியே தேடுமுன் உள்ளே பார்த்தீர்களா?

மாத விருதை நிறுத்துங்கள். அடுத்த கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கை விரித்து வையுங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் குறிப்பெடுங்கள்.