காலராக் கிருமியின் சொந்த ஊர்

அன்புள்ள கயல்விழிக்கு,

நுண்ணுயிர்களை நன்மை செய்பவை, தீமை செய்பவை என்று இரண்டாகப் பிரித்து அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறாய். தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா ஒரு பக்கம், காலராக் கிருமி மறுபக்கம். "கெட்டவற்றை மட்டும் ஒழித்துவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருக்கிறாய். கேள்வி நல்ல கேள்விதான்; அந்த அட்டவணைதான் சரியில்லை. தீமை ஒரு நுண்ணுயிரின் பிறவிக் குணம் அல்ல. அந்த நுண்ணுயிர் எந்த இடத்தில், எந்த நிலையில், எவ்வளவு எண்ணிக்கையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே தீமை நேர்கிறது. இதை நிரூபிக்கத் தயிரை எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆகவே நீ கெட்டது என்று எழுதிய காலராக் கிருமியையே எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பெயர் விப்ரியோ காலரே. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகம்தான் அதன் சொந்த ஊர். அங்கே கோபிபாட் என்ற மிதவை உயிரிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அவற்றின் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால், நண்டு ஓடுகளில் இருப்பதும் அதுவே. வளர வளர இந்த உயிரிகள் ஓட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஓடுகள் அப்படியே குவிந்து கிடந்தால் அவற்றிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் வேறு உயிர்களுக்கு எட்டாமல் போய்விடும். அவற்றைச் சிதைத்து மீண்டும் நீரில் கலக்கும் பாக்டீரியாக்களுள் விப்ரியோ காலரேயும் ஒன்று. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கொள்ளைநோயைப் பரப்பியவை இரண்டே வகைகள்தாம். அவற்றுள் ஓ139 என்பது 1992-இல் நம் சென்னையில்தான் முதலில் தென்பட்டது. இன்னொரு வியப்பு: நஞ்சைத் தயாரிக்கும் மரபணு அந்தப் பாக்டீரியாவின் பூர்வீகச் சொத்து அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது 1996-இல் தெரியவந்தது.

அப்படியானால் கிருமி மேல் பழியே இல்லையா, எல்லாம் சூழ்நிலைதானா என்று நீ கேட்கலாம். இதே வாதத்தை ஒரு பெரிய அறிஞரே முன்வைத்தார். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் காலராவுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று நிறுவினார். மியூனிக் நகரின் பெட்டன்கோஃபர் அதை முழுதாக ஏற்கவில்லை. 1892-இல் வளர்ப்புக் குழம்பிலிருந்த கிருமிகளைத் தாமே விழுங்கினார். லேசான பேதியோடு தப்பினார். கிருமி மட்டும் போதாது என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் குடிநீரை அவர் குறைத்து மதிப்பிட்டார். அதே ஆண்டு ஹாம்பர்க் நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒட்டியிருந்த அல்டோனா மணலில் வடிகட்டிய நீரைக் குடித்தது. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. கிருமி இல்லாமல் காலரா இல்லை. ஆனால் அது நோயாக மாறுமா என்பதைத் தண்ணீர் வரும் வழி தீர்மானிக்கிறது.

கிருமி எங்கே வாழ்கிறது என்ற அறிவு எவ்வளவு பயன்படும் என்பதற்கு வங்கதேசத்தின் மத்லாப் கிராமங்களே சாட்சி. நீரைக் கொதிக்க வைப்பதே சிறந்த வழி. ஆனால் அங்கே விறகுக்குப் பஞ்சம். அமெரிக்க ஆய்வாளர் ரீட்டா கோல்வெல்லும் அந்நாட்டு ஆய்வாளர்களும் குளத்து நீரைப் பழைய பருத்திப் புடவையில் வடிகட்டச் சொன்னார்கள். புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டவேண்டும். புதுப் புடவை அவ்வளவு உதவாது. துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழைகள் பஞ்சாகப் பிரிந்து கண்ணிகளைச் சிறிதாக்கிவிடும். மடித்த துணியின் இடைவெளி 20 மைக்ரோமீட்டர் அளவுக்குக் குறையும். தனிக் கிருமி அதில் சுலபமாக நுழைந்துவிடும், ஏனென்றால் அதன் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர்தான். கோபிபாட் நுழையாது, அதன் மேல் கூட்டமாக ஒட்டியிருக்கும் கிருமிகளும் அதோடு துணியிலேயே தங்கிவிடும். 2003-இல் வெளியான முடிவின்படி, வடிகட்டிய கிராமங்களில் காலரா 48% குறைந்தது. கிருமி எங்கே குடியிருக்கிறது என்று தெரியாதவர் யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

பெரியம்மையை ஒழித்தோமே என்பாய். உண்மைதான், 1980-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. ஆனால் அந்த வைரஸுக்கு மனித உடலைத் தவிர வேறு புகலிடம் கிடையாது. தடுப்பூசியால் தொற்றுச் சங்கிலியை அறுத்ததும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. காலராக் கிருமிக்கோ கழிமுகமெல்லாம் வீடு. கடலைக் கொதிக்க வைக்க முடியாது. ஆகவே அதனிடமிருந்து உயிரைக் காக்கும் வழியும் வேறு. அதன் நஞ்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது என்பதை 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் தே காட்டினார். நீர் வற்றிப்போவதால்தான் நோயாளி இறக்கிறார். 1971-இல் வங்கதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் ரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். முப்பது விழுக்காடாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல் ஒரு கிருமியைக்கூடக் கொல்வதில்லை. இழந்த நீரை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். சில நாளில் உடலே கிருமிகளை வெளியேற்றிவிடுகிறது.

அன்புடன்,
சித்தப்பா