டை எங்கே, பாஸ்வேர்டு யாரிடம்?

ஊத்தங்கரையிலிருந்து ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் என்று சிப்காட்டுகளைச் சுற்றி வருகின்றன. அங்கே பெரிய ஆலைகளை நம்பி உதிரிபாகம் செய்யும் சிறு யூனிட்டுகள் ஏராளம். வாடிக்கையாளர் தரப்பு ஆடிட்டர் ஒருநாள் வந்து, "எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யாருக்கு எந்த லாகின் என்று கணக்குக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டுப் போனால், மறுவாரமே சாஃப்ட்வேர் டெமோக்கள் தொடங்கிவிடும். டெமோவில் எதுவும் தப்பாகப் போகாது. ஆகவே அதற்கு முன்பே சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: சொத்துப் பட்டியல்தான் டாலியில் இருக்கிறதே!

உண்மை: டாலி விலையையும் தேய்மானத்தையும் சொல்லும். சாமான் எங்கே கிடக்கிறது என்று கேட்டால் விழிக்கும். இதைவிடப் பெரிய சிக்கல், உதிரிபாக யூனிட்டில் விலை உயர்ந்த டையும் மோல்டும் பெரும்பாலும் வாடிக்கையாளருடையவை. உங்கள் கணக்கிலேயே வராதவை. ஒவ்வொரு டைக்கும் எண், நிலைமை, உரிமையாளர், இருப்பிடம் ஆகியவற்றைப் பதிவில் காட்டு என்கிறது வாகனத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநெறி.

இந்த எல்லைப் பகுதிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டி, கர்நாடகத்தின் ஜிகணிக்கோ பொம்மசந்திராவுக்கோ ஜாப் ஒர்க்குக்கு ஒரு பொருளை அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி மூலப்பொருள் 1 ஆண்டுக்குள்ளும் இயந்திரங்கள் 3 ஆண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும். டை, மோல்டு, ஜிக், ஃபிக்ஸ்ச்சர், டூல் ஆகியவற்றுக்கு மட்டும் கெடு இல்லை. சலுகைதான். ஆனால் கெடு இல்லாத பொருளைத்தான் யாரும் தேடுவதில்லை. பக்கத்து மாநில ஷெட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும். எனவே நீங்கள் வாங்கப்போகும் சாஃப்ட்வேரில் வெளியாள் இடம், டெலிவரி சலான் எண், திரும்ப வேண்டிய தேதி, உரிமையாளர் பெயர் ஆகிய நான்குக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் கிடைப்பவற்றில் பல, ஆபீஸ் லேப்டாப்பையும் நாற்காலியையும் எண்ணுவதற்காகச் செய்தவை.

நம்பிக்கை: ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டிவிட்டால் எல்லாம் திரையில் தெரியும்.

உண்மை: பேட்டரி இல்லாத டேக், ரீடர் பக்கத்தில் இருந்தால்தான் பேசும். சாதாரண டேக்கை இரும்பின் மேல் ஒட்டினால் அதுவும் பேசாது. உலோகத்துக்கென்று தனி டேக் உண்டு, விலையும் கூடுதல். எண்ணெய் படிந்த உங்கள் டையிலேயே ஒட்டிச் சோதிக்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். கியூ.ஆர். பொறித்த உலோகத் தகடு பல யூனிட்டுகளுக்குப் போதும்.

நம்பிக்கை: பேர் பெற்ற கம்பெனியிடம் வாங்கினால் பாதுகாப்பு கூடவே வரும்.

உண்மை: இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. சென்னையில் வளர்ந்த சோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு, சொத்துக் கண்காணிப்புக்கும் பயனர் அனுமதிக்கும் உலகமெங்கும் மென்பொருள் விற்கிறது. அதில் ஏ.டி.செல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்பது ஊழியர்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவுவது. அதில் கண்டறியப்பட்ட ஓட்டைக்கு 2021 செப்டம்பர் தொடக்கத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு அதை நேரத்தோடு போடவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18-இல். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அந்த சர்வர்களில் இருந்தன.

சோஹோவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. ஓட்டை விழாத மென்பொருள் கிடையாது. திருத்தம் வந்த வாரமே அதை யார் போடுவார் என்பதுதான் கேள்வி. ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருப்பவர்களுக்கே அது தவறியிருக்கிறது. மாதம் ஒருமுறை வந்துபோகும் ஐ.டி. ஆளை நம்பி, சர்வரை ஸ்டோர் அறை மூலையில் பூட்டி வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். 'நம்ம அறையில் இருந்தால் பத்திரம்' என்பது பூட்டுக்குப் பொருந்தும், சர்வருக்குப் பொருந்தாது. இப்படிப்பட்ட யூனிட்டுகளுக்கு, விற்பவரே திருத்தம் போடும் கிளவுட் வகை மேல் என்பது என் கருத்து.

நம்பிக்கை: எல்லாம் நம்ம பசங்கதான், ஒரு லாகின் போதும்.

உண்மை: மூன்று ஷிஃப்ட்டுக்கும் 'ஸ்டோர்' என்று ஒரே பெயர் இருந்தால், காணாமல்போன கேஜை எழுதித் தள்ளியது யார் என்று பதிவு சொல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தடம் வைத்தாக வேண்டும். தடத்தில் எல்லாம் 'அட்மின்' என்றே இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? சைபர் தாக்குதலைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட ஆபத்து, வேலையை விட்டுப் போனவரின் லாகின். 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி சைபர் தாக்குதலால் நாள்கணக்கில் நின்றது. தாக்கியவர்கள் உள்ளே வர உதவியது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு, ஓ.டி.பி. போன்ற இரண்டாம் சோதனையும் அதற்கு இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் அடிக்கடி மாறும் நம் பகுதியில் இப்படி எத்தனை கணக்குகள் திறந்து கிடக்கின்றனவோ!

நம்பிக்கை: சின்ன யூனிட்டை யார் சீண்டப் போகிறார்கள்?

உண்மை: 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் களவு போயின. திருடர்கள் நுழைந்தது, அந்தக் கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்த ஒரு சிறு ஒப்பந்ததாரரின் லாகின் வழியாக. வாடிக்கையாளர் ஆலையின் சப்ளையர் போர்ட்டலுக்கு உங்களிடமும் ஒரு லாகின் இருக்கிறது அல்லவா?

அடுத்த டெமோவுக்கு விற்பனையாளர் வரும்போது அழகான டேஷ்போர்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். அத்திப்பள்ளி தாண்டிய ஒரு டையைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். நேற்று வேலையை விட்ட ஒருவரின் எல்லா அனுமதிகளையும் உங்கள் கண்ணெதிரே மூடச் சொல்லுங்கள். நாளை இந்தச் சாஃப்ட்வேரை நீங்கள் விட்டால் தகவல் முழுவதும் எக்ஸெல்லில் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசுங்கள்.