எச்.ஐ.வி. : நாம் அறியவேண்டியதும் செய்யவேண்டியதும்



சிதம்பரத்தில் ஒருவர் கடலூர் பஸ்ஸில் ஏறுகிறார். அரசு தலைமை ஆஸ்பத்திரியில் அவர் மாத்திரை வாங்கவேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த தெருக்காரர், "என்ன, காலையிலேயே கிளம்பிவிட்டீர்?" என்று விசாரிக்கிறார். "கோர்ட்டு வேலை" என்று பதில் வருகிறது. கடலூரில் இறங்கியதும், தெருக்காரர் கண்ணுக்கு மறையும்வரை டீக்கடையில் நிற்கிறார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே வரிசையில் தெரிந்த முகம் ஒன்று நின்றுவிட்டால், மாத்திரை வாங்காமலே ஊர் திரும்புகிறார்.

இது கட்டுக்கதை அன்று. இப்படித் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய உயிருக்கு ஆபத்து கிருமியால் மட்டும் வருகிறதா, நம்முடைய நாவினாலும் வருகிறதா? இவ்வாரம் இதையே சிந்திப்போம்.

1. வியாதி இன்னதென்று அறிவோம்

எச்.ஐ.வி. என்பது இரத்தத்தில் புகுந்து, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை அழிக்கும் ஒரு கிருமி. சிகிச்சை பெறாவிட்டால், சில ஆண்டுகளில் உடலின் காவல் தளர்ந்து காசநோய் முதலிய வியாதிகள் வந்து சேரும். அந்த முற்றிய நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர் எல்லாரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர்.

வினா: இக்கிருமி எவ்வழியாய்த் தொற்றும்?
விடை: கிருமி உள்ளவரோடு பாதுகாப்பின்றிக் கொள்ளும் உடலுறவு, சோதிக்கப்படாத இரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுதல், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு. இந்த நான்கு வழிகளே.

வினா: எவ்வழியாய்த் தொற்றாது?
விடை: தொடுதல், கட்டியணைத்தல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே டம்ளரில் குடித்தல், இருமல், கொசுக்கடி, ஒரே கழிப்பறை, ஒரே குளம் ஆகிய இவற்றால் தொற்றாது. கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருவதாலும் தொற்றாது.

2. நம் நாட்டில் இது வெளிப்பட்ட விதம்

சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் ஓர் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். நிர்மலா விலைமாதர் சிலரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாமையால், கணவரோடு இரவு ரயிலில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுசென்றார். அங்கேதான் 1986-ல் இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இது மேல்நாட்டார் வியாதி என்று அலட்சியமாயிருந்த நாடு திடுக்கிட்டது.

டாக்டர் சுனிதி சாலமன் அதோடு நிற்கவில்லை. பலர் இந்நோயாளிகளைக் கிட்ட நெருங்க அஞ்சிய நாளில், 1993-ல் அவர்களுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைச் சென்னையில் தொடங்கி, 2015-ல் தாம் இறக்கும்வரை அவர்களோடு உழைத்தார். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. 2001-ம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இக்கிருமி இருந்தது. பிற்பாடு அது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. வாய் திறந்து பேசியதன் பலன் இது.

3. மருந்து உண்டு

ஒரு காலத்தில் இம்மருந்தின் விலை வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் நம் நாட்டு சிப்லா கம்பெனி, நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக முன்வந்து உலகத்தையே வியக்கச் செய்தது. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் இதை இலவசமாகவே கொடுக்கிறது. ஆரம்பத்திலேயே கொடுத்த இடங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று.

இன்று பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதும். அது கிருமியை அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. தவறாமல் உட்கொள்பவர் மற்றவர்களைப்போல் உழைத்து நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அவ்வாறே நீடித்தால், உடலுறவின் வழியே அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தாய் மருந்து உண்டால், பிள்ளைக்குத் தொற்றும் அபாயம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். மருந்தில்லாவிட்டால் அது நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை ஏறும். ஆனால் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போகும். வரிசையில் தெரிந்த முகத்தைக் கண்டு திரும்பிய மனிதரை இங்கே நினைத்துப் பாருங்கள்.

4. என் தவறு

குருமாணவனாயிருந்த காலத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைச் சந்திக்கப் போனேன். எச்.ஐ.வி. கண்டிருந்த மீனவர் ஒருவர், தமக்கு வந்த டீயில் பாதியை வேறொரு டம்ளரில் ஊற்றி, "குடியுங்கள், பிரதர்" என்று நீட்டினார். டம்ளரால் தொற்றாது என்று எனக்கு நன்றாய்த் தெரியும். ஆயினும், "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்று பொய் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுவாரம் போனபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தலையில் ஏறிய பாடம் கைக்கு இறங்காவிட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை என்பதை அன்று கற்றேன். உங்களுக்கு உபதேசம் செய்வதற்குமுன் இதைச் சொல்லிவிடுவது நியாயம்.

5. "அவன் செய்த பாவம்" என்பவர்களுக்கு

இது தேவ தண்டனை என்று சொல்வோர் நம்மிலும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டார்கள். யேசுநாதர் இரண்டையும் மறுத்ததை அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் வாசியுங்கள். அவர் விசாரணை நடத்தவில்லை, குணமாக்கினார்.

மேலும், கணவனைத் தவிர வேறொருவரை அறியாத எத்தனை மனைவிமார் இந்நோயைப் பெற்றிருக்கிறார்கள்! கணவன் இறந்தபின், "இவளால்தான் என் மகன் செத்தான்" என்று மாமியார் வீட்டில் துரத்தப்பட்டவர்கள் பலர். நாமக்கல் பக்கத்துப் பெண்ணான பி. கௌசல்யா மணமான புதிதில் கணவரிடமிருந்து இக்கிருமியைப் பெற்றவர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1998-ல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் நம்மிடம் இரக்கத்தையல்ல, நியாயத்தையே கேட்கிறார்கள்.

6. சட்டம் சொல்வது

2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, இந்நோயைக் காரணங்காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், பள்ளியில் இடம் மறுப்பதும், சிகிச்சை மறுப்பதும், வாடகை வீடு மறுப்பதும் கூடா. அவர் சம்மதமின்றிப் பரிசோதிப்பதும், அவர் நோயை வெளியிடுவதும் சட்டவிரோதம். அவர்கள்மேல் பகையைப் பரப்புவோருக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றவும் முடியாது.

7. நம் தீர்மானங்கள்

அ) சந்தேகமுள்ளவர் தாமதியாமல் அரசு ஆஸ்பத்திரியிலுள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகட்டும். கடலூரிலும் உண்டு, சிதம்பரத்திலும் உண்டு. பரிசோதனை இலவசம். அங்கே சொல்வது வெளியே போகாது. பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். கிருமி புகுந்து சில வாரம்வரை சோதனையில் தெரியாமலிருக்கலாம். மறுபடி வரச்சொன்னால் போகவேண்டும். 1097 என்ற எண்ணில் போனில் ஆலோசனை கேட்கலாம்.

ஆ) பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், நர்சுகளும் துப்புரவுப் பணியாளரும் உடனே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்து கேட்கவேண்டும். நேரம் போகப்போக அதன் பலன் குறையும்.

இ) மணம் பேசி முடித்த பிள்ளைகள் இருவரும் மனமொத்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்வது அநியாயம்.

ஈ) துன்பப்படும் வீட்டுக்குப் போங்கள், அங்கே கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள். தாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவு நேர்ந்தால் தூக்குவதற்கு நாலு பேர் முன்வாருங்கள்.

உ) ஒருவருடைய நோய் உங்களுக்குத் தெரியவந்தால் அது உங்களோடு முடியட்டும். கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும் அதைச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த முறை கடலூர் பஸ்ஸில் உங்கள் தெருக்காரர் ஏறினால், எங்கே போகிறீர் என்று துருவாதீர்கள். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள். அவர் எங்கே போகவேண்டுமோ அங்கே போய்ச் சேரட்டும்.

உங்கள் பங்குக் குரு