மூட்டையோடு மலையேறலாமா?

கேள்வி: சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு சைக்கிளில் போகிறோம். இடையில் ஒரு நாள் கொல்லிமலைக்கு ஏறி வரலாமா?

பதில்: தாராளமாக ஏறலாம். ஆனால் மூட்டையை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறுங்கள். மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,000 மீட்டர் ஏறுகிறீர்கள். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால், 100 வாட் சக்தியில் இடைவிடாமல் மிதித்தாலும் அந்த உயரத்துக்கு மட்டுமே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். உராய்வும் ஓய்வும் தனி. 15 கிலோவை இறக்கினால் ஏறக்குறைய 25 நிமிடம் மிச்சம். முழங்காலுக்கோ அதைவிடப் பெரிய நிம்மதி.

மூட்டைக்காக வந்த வழியே திரும்புவது வீண் என்பார்கள். நீங்கள் போவது திருச்சிக்கு. எப்படியும் இறங்கியாக வேண்டும். மேலும், ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதியை இறங்கும்போது பிரேக்தான் வெப்பமாக வாங்கிக்கொள்கிறது. எடை குறைந்தால் அதற்கும் சுமை குறையும். இரவு மேலே தங்குவதானாலும் ஒரு மாற்றுடையும் போர்வையும் போதும். தண்ணீர், மழைக்கோட்டு, பங்சர் சாமான் மூன்றையும் மட்டும் கீழே விடாதீர்கள். விடியற்காலையில் கிளம்புங்கள்.